ஒரு மணி நேரம் பேசின தொண்டை

அத்தியாயம் 6

வழக்கில் ஜெயித்துவிட்டோம் என்று சேதி வந்தால் யாராக இருந்தாலும் ஒரு காபியாவது சொல்வார்கள். குணசுந்தரி ஃபோனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லி இல்லை. அவளுக்கு வேறெங்கும் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சேதி அனுப்பியவர் மோகன்ராஜ். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், குணசுந்தரியின் கட்சிக்காரர். "பெட் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தாச்சு மேடம். மூளை நார்மல். நீங்க எழுதினதுதான் கரெக்ட். நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு லேபர் ஆபீஸ். வந்து சாட்சி சொல்லிட்டா கேஸ் குளோஸ்."

விஷயம் இதுதான். நாலு மாசத்துக்கு முன்னால் அந்த உருக்காலையில் விஷவாயு கசிந்து சின்னராசு என்ற தொழிலாளி மயங்கி விழுந்தான். அன்றைக்கே தலை முதல் நெஞ்சு வரை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் நன்றாகவே நடமாடினான். நான்காவது வாரம் பேச்சு குறைந்தது. சாப்பிட்டதை மறந்தான். சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக உட்கார்ந்திருந்தான். மனைவி செண்பகம் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டாள். விஷவாயு என்ன நல்ல நாள் பார்த்து நாலாவது வாரம் வேலை செய்யுமா, நடிக்கிறான் என்றார் மோகன்ராஜ். அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் துப்பறியும் ஏஜென்சி நடத்தும் குணசுந்தரியை அமர்த்தினார்.

அவளும் போய் ஒளிந்திருந்து பார்த்தாள். சின்னராசு தெருக்குழாயிலிருந்து இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். உதவியாளன் இம்மானுவேல் அதை வீடியோ எடுத்தான். மூன்று நிமிட வீடியோவை இணைத்து, 'நடிப்பு' என்று ஒரே சொல்லில் அறிக்கையை முடித்தாள் குணசுந்தரி. செண்பகம் விடவில்லை. அரசு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி பெட் ஸ்கேன் கேட்டு வாங்கினாள். அந்த ஸ்கேன்தான் இப்போது நார்மல் என்கிறது.

"இன்னா அக்கா, ஜெயிச்சதுக்கு ஒரு குஸ்கா கூட கிடையாதா?" இம்மானுவேல் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். "உன் மூஞ்சப் பாத்தா நாம தோத்துட்ட மாரி கீது."

"வண்டிய எடு. அந்த ஸ்கேனை நான் நேர்ல பாக்கணும்."

"ரிப்போர்ட்டு தான் வந்துச்சே."

"ரிப்போர்ட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டா. நானும் எழுதுறவதான்."

அவன் தாளத்தை நிறுத்தினான். அறிக்கை கொடுத்த மறுநாள் செண்பகம் இந்த ஆபீஸ் மாடியேறி வந்ததை அவனும் பார்த்திருக்கிறான். அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "எங்க ஊட்டாண்ட எவ்ளோ நேரம் நின்னு பாத்தீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டாள். "போதுமான நேரம்" என்றாள் குணசுந்தரி. அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் அவளுக்கு முகம் சுடுகிறது. அறிக்கை சரிதான் என்று ஒரு மெஷின் சொல்லிவிட்டால் அந்தச் சூடு தணியுமோ என்ற நப்பாசையில்தான் கிளம்பினாள்.

* * *

செங்குன்றம் பக்கத்து ஸ்கேன் சென்டரில் ஜெனிபர் என்ற டெக்னீஷியன் லேபர் ஆபீஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்த பிறகே கம்ப்யூட்டரைத் திறந்தாள். மீஞ்சூர்க்காரி, கறார்ப் பேர்வழி.

"பாப்பா, எனக்கு ஒண்ணு புரியல" என்றாள் குணசுந்தரி. "ஏற்கெனவே சி.டி. எடுத்தாச்சு. இது எதுக்கு?"

"சி.டி. எடுத்தா ஊட்டோட செவுரு தெரியும் மேடம். விரிசல் கீதா, இடிஞ்சிருக்கான்னு பாக்கலாம். எம்.ஆர்.ஐ. இன்னும் நுணுக்கம், செவுத்துல ஓதம் ஏறியிருந்தா கூட காட்டிடும். ஆனா உள்ள எந்த ரூம்ல லைட் எரியுதுன்னு பெட் ஸ்கேன்தான் சொல்லும். சர்க்கரை மாதிரி ஒரு மருந்து, அதுல கொஞ்சம் கதிர்வீச்சு. ஊசில ஏத்துவோம். உடம்புல எங்க வேலை நடக்குதோ அங்க சர்க்கரை ஓடும். அந்த எடம் மின்னும்."

"எங்க ஊட்ல செவுரு சூப்பரா கீது" என்றான் இம்மானுவேல். "கரண்டு பில்லு கட்டாததால லைட்டு தான் எரியல."

ஜெனிபர் சிரிப்பை அடக்கினாள். "எம்.ஆர்.ஐ-லயே இன்னொரு வகை கீது. ஸ்பெக்ட்ராஸ்கோபி. ஊசியே வேணாம். எந்த எடத்துல எந்த ரசாயனம் எவ்ளோன்னு அளந்து சொல்லும். ஆனா ஒரு தடவைக்குத் தீப்பெட்டி அளவு எடம்தான். பெட்ல தலைலேர்ந்து தொடை வரைக்கும் ஒரே மூச்சுல பாத்துடலாம். மூளை, நெஞ்சு ரெண்டையும் பாக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. இந்த வாயு அடிச்சா மூணு நாலு வாரம் கழிச்சு கூட முன்பக்க மூளை மங்கும். அதுக்காகத்தான்."

குணசுந்தரி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "மூணு வாரம் கழிச்சா?"

"சிலருக்கு அப்படி வரும் மேடம். டாக்டருங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்."

ஒரு டாக்டரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குணசுந்தரி கைப்பையின் ஜிப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"ஆனா இவருக்கு அதெல்லாம் இல்ல." ஜெனிபர் திரையைத் திருப்பினாள். மண்டைக்குள் முன்னும் பின்னும் ஜெகஜோதியாக எரிந்தது. "எல்லா ரூம்லயும் லைட்."

"தொண்டையில இன்னா ரெண்டு பொட்டு மின்னுது?" இம்மானுவேல் விரலை நீட்டினான். "அங்கயும் மூளை வச்சிருக்காரா?"

"குரல்வளை. ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் பேசாம, அசையாம, தனியா படுக்கணும். எந்தச் சதை வேலை செய்யுதோ அது சர்க்கரைய இழுத்துக்கும். இந்த ஆளு ஒரு மணி நேரமும் பேசிக்கினே இருந்தாரு. கேமராவுல வாய் அசையறது தெரிஞ்சுது. மைக்ல ரெண்டு வாட்டி அதட்டினேன். அடங்கல."

இம்மானுவேல் குணசுந்தரியைப் பார்த்தான். "ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைதான் பேசறாருன்னு மனுவுல எழுதியிருந்தாங்க. அந்த ஆறையும் ஒரு மணி நேரம் இழுத்தாரா?"

பேசாத மனிதன் தனியறையில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும். குணசுந்தரிக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன மறு நொடியே வெட்கமாகவும் இருந்தது. ஒருத்தன் பொய்யன் என்று தெரிந்ததில் ஒரு பொம்பளைக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது.

* * *

புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். சரக்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருந்தன. இம்மானுவேல் பஜ்ஜியும் கையுமாகச் சின்னராசுவின் பழைய பைலைப் புரட்டினான். பஜ்ஜி எண்ணெயைத் துடைக்கக் காகிதம் தேடினான் என்பதுதான் உண்மை.

"அக்கா, இத்தப் பாரேன். அந்த முதல் சி.டி. ரிப்போர்ட்டு. 'வலது தோள் காறை எலும்பில் பழைய முறிவு, உலோகத் தகடும் ஆறு ஸ்க்ரூவும் உள்ளன.' மனுசன் வெளியேவும் இரும்பு தூக்கினான், உள்ளேயும் இரும்பு. கம்பெனிக்காரன் பாத்தா ஸ்டாக்குல சேத்துக்குவான்."

குணசுந்தரி டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "எந்தப் பக்கம்?"

"வலது."

டம்ளரை வைத்துவிட்டு ஜெனிபருக்கு ஃபோன் போட்டாள். "பாப்பா, பெட்டோட சி.டி-யும் சேத்து எடுத்தீங்கல்ல. அதுல வலது தோள்பட்டையாண்ட இரும்புத் தகடு தெரியுதா?"

மறுமுனையில் மவுஸ் சத்தம் கேட்டது. "இரும்பு இருந்தா பளீர்னு வெள்ளையா கண்ணைக் குத்தும் மேடம். இங்க ஒண்ணியும் இல்ல. எலும்பு உடைஞ்ச அடையாளமே இல்ல. சுத்தமா கீது."

"அவரு கூட யாராவது வந்தாங்களா? பொம்பளை யாராவது?"

"இல்ல, தனியாத்தான் வந்தாரு. ஆதார் கொடுத்தாரு, பாத்தோம். ஆதார் போட்டோவப் பத்தி நான் சொல்லணுமா? கிட்டத்தட்ட இருந்தாரு." ஜெனிபரின் குரல் இறங்கியது. "மேடம், ஏதாவது தப்பா?"

"உன் தப்பு இல்ல" என்று வைத்தாள் குணசுந்தரி.

லைட் எரிவதைக் காட்டின படம் வீடு யாருடையது என்று சொல்லவில்லை. சுவரைக் காட்டின படம் அதைச் சொல்லிவிட்டது. அந்தத் தகடு பற்றிய வரி இரண்டு மாதமாக அவள் பைலில்தான் கிடந்தது. 'மூளையில் குறை ஏதுமில்லை' என்ற ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டாள். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி வைத்தாள். இருபது வருஷ அனுபவம் என்று ஆபீஸ் போர்டில் எழுதி வைத்தவளும் அவள்தான்.

"ஆள் மாறாட்டம்" என்றான் இம்மானுவேல். பஜ்ஜி பாதியில் நின்றது. "மோகன்ராஜ் வேலையா இருக்கும். ஸ்ட்ராங்கா ஒருத்தனப் புடிச்சு உள்ள அனுப்பி வச்சிட்டான் போல."

"ஆதார் அவன் கைக்கு எப்படிடா போவும்? ஒரிஜினல் ஆதார் ஊட்ல, பீரோவுலல்ல இருக்கும்?"

இம்மானுவேல் யோசித்தான். "அப்போ ஊட்டாளு?"

"வா. சின்னராசு ஊட்டுக்குப் போவலாம்."

* * *

கூட்டுரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். செண்பகம் அப்போதுதான் ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபாரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குணசுந்தரியைப் பார்த்ததும் எழுந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

அவளுக்குப் பதிலாக உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தான். சின்னராசுவின் தம்பி ரகு. அதே மூக்கு, அதே தாடை, ஐந்து வயசு குறைவு.

"யாரு அண்ணி? ஓ, மேடமா? உக்காருங்க மேடம். சேர்ல கால் ஒண்ணு ஆடும், சொவுத்துல சாச்சிக்கினு உக்காருங்க. வெயில்ல வந்தீங்களா? இன்னா வெயிலு. கும்மிடிப்பூண்டி ட்ரெயின்ல நிக்க எடமில்ல, நேத்து ஒருத்தன் என் காலு மேலயே தூங்கிட்டான்..."

அண்ணனைப் பொய்யன் என்று எழுதினவளுக்கு இவன் ஏன் நாற்காலி போடுகிறான்? குணசுந்தரி பேச்சைக் கேட்கவில்லை. அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரகு, ஊசி போட்ட எடம் கன்னிப்போச்சா?"

"இல்ல மேடம், லைட்டா பச்சை கட்டி..." அவன் வலது கை தானாகவே இடது முழங்கையின் உட்பக்கத்தைத் தடவியது. பிறகு நின்றது. பேச்சும் நின்றது. அந்த வீட்டில் அவன் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை போலும், செண்பகம் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன ஊசி?" என்றாள்.

அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நீ அவரக் கூட்டினு போனேன்னு தானே சொன்ன?"

"பக்கத்து ஊட்டு ஆயாகிட்ட உக்கார வச்சிட்டு நான் போனேன் அண்ணி."

செண்பகம் அவன் இடது கையை முன்னால் இழுத்து ஊசித் தடத்தைப் பார்த்தாள்.

"ஏன்?" என்றாள் குணசுந்தரி. மிரட்டுகிற குரல் அவளுக்கு வரவில்லை.

"மெடிக்கல்னா ஃபிட்டுன்னு வரணும்ல மேடம்" என்றான் ரகு. அவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பது மாதிரி பார்த்தான். "வருசா வருசம் கம்பெனியில நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. புகை குடிச்ச நெஞ்சு, எவனுக்கு நல்லா இருக்கும்? ஃபெயிலானா கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்கணும். எங்க கேங்ல நான் ஒருத்தன்தான் சுத்தம். அதனால பதினோரு பேருக்கு நான்தான் போவேன். ஒருத்தன் சட்டையப் போட்டுக்கினு போவேன், வந்து அடுத்தவன் சட்டைய மாட்டுவேன். மாத்தாள்னு சொல்லுவோம். ஆஸ்பத்திரிக்காரன் தலையத்தான் எண்ணுவான். யாருக்கும் வேலை போனதில்ல."

"அதனால?"

"அண்ணனுக்கும் ஃபிட்டுன்னு வந்தா திரும்ப வேலைக்கு எடுத்துக்குவாங்கன்னு நினைச்சேன்."

ஆயுள் முழுக்க உடம்பு நல்லாயிருக்கிறது என்று காட்டிப் பிழைத்த கூட்டம். நோயைக் காட்டினால்தான் பிழைக்க முடியும் என்று ஒரு பரீட்சை வரும் என்பது அவன் கனவிலும் இல்லை. இதில் யாரைத் திட்டுவது என்று குணசுந்தரிக்குத் தெரியவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம் இன்னா நைனா பேசின?" இம்மானுவேல் மெதுவாகக் கேட்டான்.

"பாடிக்கினு கெடந்தேன். சும்மா படுத்தா அன்னிக்கு நடந்ததே வருது." ரகு முகத்தைச் சட்டையில் துடைத்தான். "வாயு அடிச்ச அன்னிக்கு அது என் ஷிப்ட்டு மேடம். கல்யாணத்துல பாடக் கூப்ட்டாங்க. நீ போய்ப் பாடுறா, நான் நிக்கறேன்னு அண்ணன் போச்சு. எனக்கு மாத்தாளா அது போச்சு. அதுக்கு நான் ஒரு வாட்டி போவ வேணாமா?"

அந்த நேரத்தில்தான் சின்னராசு தெருவிலிருந்து உள்ளே வந்தான். இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன். சட்டையின் மேல் பொத்தான் போடாததால் வலது தோளில் நீளத் தழும்பு தெரிந்தது. கேன்களைச் சுவரோரம் வைத்தான். ஒரு நிமிஷம் அவற்றையே பார்த்தான். பிறகு நிரம்பிய அதே கேன்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். சாக்கடையில் கவிழ்த்தான். குழாயடிக்குப் போய் மறுபடி பிடிக்க ஆரம்பித்தான்.

குணசுந்தரி வாசல் வழியாகக் குழாயடியையே பார்த்தாள்.

"அக்கா" என்றான் இம்மானுவேல். அவன் குரலில் கேலி சுத்தமாக இல்லை. "நான் நாப்பது நிமிசம் எடுத்தேன்."

"தெரியும்டா."

"நாலு வாட்டி ஊத்திட்டு வந்தாரு. முழுசாப் பாரு அக்கான்னு சொன்னேன்."

"மூணு நிமிஷமே போதும்னு நான்தான் சொன்னேன். அந்த நாப்பதும் உன்கிட்ட இருக்கா?"

"அழிக்கல. மனசு வரல."

அவள் எழுந்தாள். ஒளித்தால் நாளை அந்த ஸ்கேன் நிற்கும், சின்னராசு காலத்துக்கும் பொய்யன். சொன்னால் ரகு ஆள் மாறாட்டக்காரன், மோகன்ராஜின் வக்கீல் குடும்பத்தையே மோசடிக் கும்பல் என்பார். முதல் குற்றவாளி யார் என்று வரிசை போட்டால்தான் இதற்கு வழி உண்டு. அந்த வரிசையில் முதல் ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

"ரகு, நாளைக்கு நீ வந்து நடந்ததை உன் வாயால சொல்லணும். இதே வாய்தான், நல்லாப் பேசும். ஆனா எனக்கு அப்புறம். முதல்ல நான் சொல்லிடறேன்."

"என்னைப் புடிச்சிக்குவாங்களா மேடம்?"

"கேள்வி கேப்பாங்க. நான் பொய் எழுதாம இருந்திருந்தா நீ அங்க போயே இருக்க மாட்டேன்னு சொல்லுவேன். அந்த உண்மையும் பதிவுல நிக்கட்டும்."

ஃபோனை எடுத்து மோகன்ராஜைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், எல்லாரும் கேட்கட்டும் என்று.

"நாளைக்கு சாட்சி சொல்ல வர்றேன் சார்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. அந்த ஸ்கேன் சின்னராசுவோடது இல்ல. நீங்க கொடுத்த சி.டி. ரிப்போர்ட்லயே அதுக்கு ஆதாரம் இருக்கு. என் அறிக்கையும் தப்பு. நாப்பது நிமிஷ வீடியோவ முழுசாப் போடப் போறேன். சின்னராசுக்குப் புதுசா ஸ்கேன் கேக்கப் போறேன்."

"உங்க ஏஜென்சிய மூடிடுவேன், தெரியுமில்ல?"

"போர்டைக் கழட்டி வைக்கச் சொல்றேன்" என்று துண்டித்தாள்.

இம்மானுவேல் தொண்டையைச் செருமினான். "கழட்ட ஏணி வேணும் அக்கா. வாங்கிட்டு வரட்டா?" யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

சின்னராசு மறுபடி கேன்களோடு வந்தான். குணசுந்தரி அவன் எதிரில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"சின்னராசு, நீங்க நடிக்கறீங்கன்னு எழுதினவ நான்தான். தப்பா எழுதிட்டேன். தெரிஞ்சே பாதியோட விட்டுட்டேன். என்னை மன்னிக்கணும்."

அவன் அவளை நெடுநேரம் பார்த்தான். கோபம் வருகிறதா என்று தேடினாள். வந்திருந்தால் தேவலை. ஒன்றுமே வரவில்லை. கேனைத் தூக்கிக் காட்டி, "தண்ணி வேணுமா?" என்றான்.

குணசுந்தரிக்குத் தலை குனிந்தது. மன்னிக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

செண்பகம் வந்து கணவன் கையிலிருந்து கேன்களை வாங்கி வைத்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். திரும்பாமலேயே பேசினாள்.

"அவருக்கு ஒண்ணியும் ஞாபகமில்ல மேடம். உங்களை எப்பவோ மறந்துட்டாரு. நான் மறக்கல."

"மறக்காதீங்க" என்றாள் குணசுந்தரி. "நாளைக்கு அங்க என்னை உக்கார வச்சி, எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லுங்க."

செண்பகம் கணவனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.